பேஸ்மென்ட்டுக்கு சைரன் வாங்கிய கதை

எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் மூக்கை நம்பித்தான் பிழைப்பு. மேற்கிலிருந்து காற்று அடித்தால் மணலி ஆலைகளின் வாடை, வடக்கிலிருந்து அடித்தால் எண்ணூர் வாடை. அழுகிய முட்டை நாற்றமா, கண்ணைக் கரிக்கிற உர வாடையா, கருவாடு காய்கிற வாடையா என்று பால்கனிக் கதவைத் திறந்த உடனே சொல்லிவிடுவோம். ஜன்னலைச் சாத்துவதா, கொடியில் கிடக்கிற துணியை எடுப்பதா என்று முடிவு செய்ய வேறு கருவி எதுவும் எங்களுக்கு வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஜனங்களிடம் போய், வாசனையே இல்லாத விஷம் ஒன்று இருக்கிறது என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு கிளியரிங் ஆபீஸில் எனக்கு வேலை. எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்கு நான் செயலாளர். விரும்பி ஏற்ற பதவி இல்லை, வேறு யாரும் வாங்கிக்கொள்ளாததால் என் தலையில் விழுந்தது. மனை சின்னது, வண்டிகள் அதிகம் என்று கட்டும்போதே பூமியைத் தோண்டி பேஸ்மென்ட் போட்டுவிட்டார்கள். கார், பைக், கேஸில் ஓடுகிற இரண்டு ஆட்டோ எல்லாம் அங்கேதான் நிற்கும். ஏறவும் இறங்கவும் ஒரே சரிவுப்பாதை. புகையை வெளியே இழுக்க ஒரு பெரிய எக்ஸாஸ்ட் விசிறி உண்டு. சத்தம் போடுகிறது, கரண்ட் இழுக்கிறது என்று அதை யாராவது நிறுத்திவிடுவார்கள். நான் போய்ப் போடுவேன். மறுபடி நிறுத்திவிடுவார்கள்.

அந்த பேஸ்மென்ட்டில் தினமும் காலையில் வண்டி துடைக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்து, இப்போது எங்களுக்குப் பக்கத்து ஹவுசிங் போர்டில் இருக்கிறாள். புருஷன் இல்லை. மகளின் காலேஜ் படிப்பு இவள் தூக்குகிற வாளியை நம்பி நடக்கிறது. தண்ணீர்க் குழாய் பேஸ்மென்ட்டின் பின் மூலையில், ஒரு பெரிய தூணுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கேதான் உட்கார்ந்து துணி அலசுவாள். வேலை முடிவதற்குள் தலை விண்விண் என்று தெறிக்கிறது என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். நாஷ்டா சாப்பிடாமல் வராதே என்றார்கள், பிரஷர் பார்த்துக்கொள் என்றார்கள், கண்ணாடி போடு என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவள் அடுத்த வண்டியைத் துடைக்கப் போய்விடுவாள்.

போன ஆயுத பூஜை அன்றுதான் விஷயம் முற்றியது. வழக்கமாக வண்டிகளைக் கழுவி, வாசலில் வரிசையாக நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போடுவோம். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் பூஜை பேஸ்மென்ட்டுக்கு இறங்கிவிட்டது. விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் கற்பூரம் நிற்கவே இல்லை. ஏற்ற ஏற்ற அணைந்தது. கற்பூரம் அணைந்தால் ஆகாது என்று யாரோ போய் விசிறியை நிறுத்தினார்கள். கற்பூரம் ஜம்மென்று எரிந்தது, எல்லோருக்கும் திருப்தி. சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அப்புறம் எங்கள் வழக்கப்படி எல்லா வண்டிகளையும் ஒன்றாக ஸ்டார்ட் செய்து, ஹாரன் அடித்து, அப்படியே ஓடவிட்டுப் பொரியும் சுண்டலும் வாங்க மேலே ஏறினோம்.

அவளுக்கு வருஷத்திலேயே வேலை அதிகமான நாள் அது. விடிவதற்கு முன்பே வந்து அத்தனை வண்டியையும் கழுவியிருந்தாள். நான் சரிவுப்பாதையின் மேலே தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கீழே அவள் தூணைப் பிடித்துக்கொண்டு ஆடுவது தெரிந்தது. கண் செருகி, தலை முன்னும் பின்னும் போய் வந்தது. ஒரு பெண் குரல், "ஆத்தா வந்துட்டா!" என்று கூவியது. அவ்வளவுதான். எல்லோரும் மறுபடி கீழே ஓடி, தோரணத்திலிருந்து வேப்பிலையைப் பிய்த்து அவள் கையில் திணித்தார்கள். மஞ்சள் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றினார்கள். மூன்றாவது மாடிக்காரர் கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்து, பையனுக்குக் கனடா விசா கிடைக்குமா தாயே என்று கேட்டார். அத்தனை இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆத்தா பதில் சொல்லவில்லை. அப்படியே சரிந்து விழுந்து வாந்தி எடுத்தாள். தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். கூட்டத்தை இடித்துத் தள்ளி, ஆட்டோக்காரர்கள் இரண்டு பேரை அதட்டி, அவளை மேலே தூக்கி வந்து மழையிலேயே கிடத்தினோம். பிறகு ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரி. அங்கே பணியிலிருந்த டாக்டர் அம்மா அவள் கண்ணைப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். அடுத்த கேள்வி, மூடின இடத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்ததா என்பதுதான். ஆமாம் என்றேன். உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள். கார்பன் மோனாக்சைடு, வாசனை கிடையாது, நிறம் கிடையாது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் என்னைத் திட்டுகிற மாதிரியே சொன்னார்.

சாயங்காலம் அவளுக்கு நன்றாகத் தெளிந்தது. வேப்பிலைச் சங்கதியைச் சொன்னேன். ஆக்ஸிஜன் குழாயோடு என்னை முறைத்தாள்.

"யக்கா, நான் பௌத்தம். எனக்கு எங்கேர்ந்துக்கா சாமி வரும்? தலை வெடிக்கிற மாரி வலி. அத்தச் சொல்லலாம்னா வாய் வரல. அந்த நேரத்துல ஒரு ஆளு விசா கேட்டுகினு கீறாரு."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு வந்ததே ஒரு கோபம், அது அந்த வருஷம் முழுக்க இறங்கவில்லை.

சங்கக் கூட்டம் கூடியது. அவளுக்கு வலிப்பு நோய் இருக்கலாம் என்று ஆரம்பித்தார் மூன்றாவது மாடிக்காரர். கும்பிட்ட கை இன்னும் இறங்கவில்லை, அதற்குள் ஆத்தா நோயாளி ஆகிவிட்டாள். நம் கட்டடத்தில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் போலீஸ், கோர்ட் என்று அலைய முடியாது, வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார். நிறையத் தலைகள் ஆடின. சங்கத் தலைவர் மணலியில் ஒரு ரசாயன ஆலையில் சர்வீஸ் போட்டு ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர், ஆனால் கேஸ் விஷயத்தில் தன் மூக்குக்கு மேல் ஒரு படிப்பில்லை என்று நம்புகிறவர். எப்படிப்பட்ட கேஸையும் வாடையிலேயே சொல்லிவிடுவேன், நம் பேஸ்மென்ட்டில் ஒன்றும் கிடையாது, அந்தம்மா பாவம் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும் என்றார்.

"ஆள மாத்தினா காத்து மாறிடுமா சார்?" என்று கேட்டேன்.

சங்கம் முடிவு செய்கிற வரை அவள் வேலைக்கு வர வேண்டாம் என்று தீர்மானம் எழுதி, அதில் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒரு நிபந்தனையோடு போட்டேன்: அடுத்த பொதுக்குழுவுக்குள் காற்றைச் சோதித்துக் காட்டுவேன். குறை காற்றில்தான் என்றால் காற்றைக் கண்காணிக்கிற கருவி வைக்க வேண்டும், அவளுக்கு வேலை திரும்பத் தர வேண்டும். சரி என்றார்கள். இந்தப் பொம்பளை ஆறப்போட்டுவிடும் என்று நினைத்திருப்பார்கள். அது ஒன்றுதான் எனக்கு வராது.

கருவி விற்கிறவர்களைத் தேட ஆரம்பித்தேன். முதலில் தலைவரே ஓர் ஆளை அழைத்து வந்தார். டை கட்டின பையன், பளபளவென்று ஒரு வெள்ளைப் பெட்டி. எல்லோரும் பார்க்க, சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் அமுக்கி, அந்த கேஸைப் பெட்டியின் முன்னால் விட்டான். பெட்டி வீலென்று கத்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். அங்கேயே ஆர்டர் கொடுத்துவிடுகிற வேகம். நான் குறுக்கே விழுந்து, தம்பி, இது சமையல் கேஸுக்குக் கத்துகிறது, கார் புகைக்குக் கத்துமா என்று கேட்டேன். எல்லாம் கேஸ்தானே மேடம் என்றான். எனக்குக் காதில் பூ சுற்றுகிறான் என்று பட்டது. ஆனால் பட்டதை வைத்து ஒன்றும் செய்ய முடியாதே. பெட்டியை ஒரு நாள் விட்டுவிட்டுப் போ என்றேன்.

எங்கள் ஆபீஸ் கன்டெய்னர் யார்டில் பூச்சிமருந்து அடித்த கன்டெய்னரை உடனே திறந்து உள்ளே போக விடமாட்டார்கள். கதவை விரியத் திறந்துபோட்டு, காற்றாட விட்டு, சோதித்துவிட்டுத்தான் ஆள் ஏறலாம். அங்கே பாதுகாப்பு பார்க்கிறவர் சட்டைப் பையில் ஒரு சின்ன மீட்டர் எப்போதும் தொங்கும். தன்னிடம் உள்ள இன்னொரு சின்ன மீட்டர் கார்பன் மோனாக்சைடைக் காட்டும் என்று அவர் சொன்னதும், நச்சரித்து நச்சரித்து அதை ஒரு நாள் கடனாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை தலைவரை பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிப் போனேன். தூணுக்குப் பின்னால், அவள் உட்காருகிற மூலையில், டை கட்டின பையனின் பெட்டியையும் சின்ன மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நடுவில் தலைவருக்கு ஒரு ஸ்டூல். ஸ்கூலுக்கும் ஆபீஸுக்கும் வண்டிகள் கிளம்புகிற நேரம். ஸ்டார்ட் செய்துவிட்டுக் கண்ணாடியைச் சரி செய்கிறவர்கள், போன் பேசுகிறவர்கள், டிபன் பையை மறந்துவிட்டு லிஃப்டுக்கு ஓடுகிறவர்கள். இன்ஜினை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. பிறகு கீச்சுக்கீச்சென்று கத்தத் தொடங்கியது. வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு சாந்தமாக எரிந்துகொண்டிருந்தது.

தலைவர் மூக்கை உயர்த்தி ஆழமாக இழுத்துப் பார்த்தார். எழுந்து நின்று இழுத்தார். குனிந்து இழுத்தார்.

"ஒண்ணியும் வாடையே இல்லியேம்மா," என்றார்.

அதுதான் சார் விஷயம் என்றேன். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டை அமுக்கிக்கொண்டு தானாகவே சரிவுப்பாதையில் ஏறிப்போய், வாசல் கட்டையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தம்மா தினம் எவ்வளவு நேரம் அங்கே இருக்கும் என்று கேட்டார். கடைசி வண்டி வெளியே போகிற வரை என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டார். ஓர் ஆயுசு முழுக்க நம்பின மூக்கு கைவிட்டால் யாருக்குத்தான் வலிக்காது? எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதன்பிறகு தலைவர் என் பக்கம். அம்பத்தூரிலிருந்து கருவி விற்கிற இன்னொருவரை வரவழைத்தோம். அவர் வந்த உடனே பையைத் திறக்கவில்லை. முதலில் பேஸ்மென்ட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். விசிறி எங்கே, சுவிட்ச் யார் கையில், இங்கே அதிக நேரம் இருப்பவர் யார் என்று கேட்டார். சைரன் மட்டும் வைத்தால் அது கத்தும், நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு போவீர்கள், அதனால் சென்சாரையும் விசிறியையும் ஒன்றாக இணைக்க வேண்டும் என்றார். புகை கொஞ்சம் சேர்ந்தாலே விசிறி தானாக ஓடும். அதையும் மீறி ஏறினால்தான் சைரன். கார்பன் மோனாக்சைடு சென்சாரை ஆள் மூச்சு விடுகிற உயரத்தில் வைக்க வேண்டும். ஆட்டோவின் கேஸ் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும், அதனால் ஆட்டோ நிற்கிற இடத்தில் தரையை ஒட்டி வேறொரு சென்சார். டீசல் வண்டிப் புகைக்கும் தனியாக ஒன்று வைக்கலாம் என்றார்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: மணலிக் காற்று அடிக்கிற அன்றைக்கெல்லாம் இது கத்துமா? கத்தினால் எங்கள் ஆட்கள் ஒரே வாரத்தில் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். அவர் சிரித்துவிட்டு, அந்த நாற்றத்தை வடிகட்டுகிற சென்சார் இருக்கிறது, விலை கூட, ஆனால் இந்த ஊருக்கு அதுதான் சரி என்றார். கடல் காற்றில் உப்பு ஏறி ஒரே மழைக்காலத்தில் தகரப்பெட்டி பொத்துப்போகும், துருப்பிடிக்காத பெட்டி வாங்குங்கள் என்றார். சென்சார்களுக்கும் ஆயுசு உண்டு, தீர்ந்தால் மாற்ற வேண்டும், அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை கேஸ் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். எந்த கேஸுக்காக வாங்குகிறோமோ அந்த கேஸை வைத்தே சோதித்துக் காட்டினார். லைட்டரைத் தொடவே இல்லை.

பொதுக்குழுவில் கருவி வாங்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சென்சாரை எங்கே வைப்பது என்று சண்டை வந்தது. கையில் இருந்த பணத்துக்கு எல்லா இடத்திலும் வைக்க முடியாது. லிஃப்ட் பக்கம் வைக்க வேண்டும் என்றார் மூன்றாவது மாடிக்காரர். குழந்தை குட்டிகள் நிற்கிற இடம் அது என்பது அவர் வாதம். லிஃப்ட் பக்கம் ஒரு நிமிஷம் நிற்கிறோம், அவள் மூலையில் காலை முழுக்க உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். துடைக்கிற அம்மாவுக்காக நாம் சந்தா கட்டுகிறோமா என்று ஒரு குரல் வந்தது. அப்போது தலைவர் எழுந்தார்.

"நான் அந்த மூலையில ஒரு தபா ஒக்காந்தேன். அதுக்கே ராத்திரி வரைக்கும் தல நிக்கல. சென்சாரு மொதல்ல அங்கதான்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தீர்மானம் மயிரிழையில் தேறியது. கடைசியாக ஒரு தகராறு மிச்சம். சைரனை நிறுத்துகிற சுவிட்ச் பூட்டுப்போட்ட பெட்டிக்குள் இருக்கும், அதற்கு ஒரே சாவி. யாரிடம் கொடுப்பது? காலையில் எல்லா வண்டியும் போகிற வரை கீழே இருக்கப்போகிறவளிடம்தான் கொடுக்க வேண்டும் என்றேன். வேலைக்காரி கையில் சாவியா என்று முணுமுணுப்பு எழுந்தது. உங்களில் யார் தினமும் காலையில் அங்கே உட்காரத் தயார், அவருக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். முணுமுணுப்பு அடங்கியது.

அவள் திரும்ப வந்தாள். சாவியை வாங்கிக்கொள்ளவே பயந்தாள். எனக்கு எதற்கக்கா இந்த பேஜாரு, ஏதாவது கேட்டால் நான் யாருக்குப் பதில் சொல்வது, மறுபடி போகச் சொன்னால் பெண்ணின் படிப்பு நின்றுவிடும் என்றாள். சைரன் கத்தினால் நீ மேலே போய்விடு, விசிறி அதன் வேலையைப் பார்க்கும், காற்று சரியாகாமல் மட்டும் சுவிட்சைத் தொடாதே என்று சொல்லி, சாவியை அவள் முந்தானையில் நானே முடிந்துவிட்டேன். சொல்லிவிட்டேனே ஒழிய, வண்டிச் சொந்தக்காரர் ஒருவர் அதட்டினால் அவள் எடுத்து நீட்டிவிடுவாள் என்றுதான் எனக்குப் பயம்.

முதல் சில நாட்கள் விசிறி ஓடி ஓடி நின்றது, சைரன் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு காலை, ஸ்கூல் வண்டிகள் கிளம்புகிற நேரத்தில், சரிவுப்பாதையின் மேல்முனையில் ஒரு தண்ணீர் லாரி மறித்துக்கொண்டது. கீழே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எல்லா இன்ஜினும் ஓடிக்கொண்டே இருந்தது. சைரன் பிடித்துக்கொண்டது. நான் என் ஸ்கூட்டியோடு பாதி ஏற்றத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாளியை வைத்துவிட்டு மேலே வர எழுந்தாள். எனக்குப் பின்னால், சரிவுப்பாதை தொடங்குகிற இடத்தில், கார் வரிசையின் முதலில் நின்றது மூன்றாவது மாடிக்காரரின் கார். அவர் இறங்கி அவளை மறித்தார். காதைக் கிழிக்கிறது, சாவியைக் கொடு என்று கையை நீட்டினார். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு முறை கேட்டார், இந்த முறை வேலையை ஞாபகப்படுத்தி. நான் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் அவளே வாய் திறந்துவிட்டாள்.

"தர மாட்டேன் சார். நீங்க வண்டிய நிறுத்துங்க. அது தன்னால நிக்கும்."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற காரில் தலைவர் தன் இன்ஜினை நிறுத்தினார். அதற்குப் பின்னால் ஓர் ஆட்டோவின் இன்ஜினும் ஓய்ந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லா வண்டிகளும் அடங்கின. ஓடிக்கொண்டிருந்தது அவர் கார் ஒன்றுதான். பிறகு கதவு வழியாகக் கையை விட்டுக் கார்ச் சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தினார்.

விசிறி உறுமிக்கொண்டிருந்தது. சைரன் மேலும் சற்று நேரம் கத்திவிட்டு ஓய்ந்தது. எல்லோரும் சரிவுப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் கார் கதவில் கையை ஊன்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். மேலே வந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள், இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"தலை வலிக்குதா சார்?" என்றாள். "எனக்கும் அப்டித்தான் ஆரம்பிச்சுது. வாங்க, மேல போய் காத்து வாங்கலாம்."

அவர் முழங்கையைப் பிடித்து அவள் மெதுவாக நடத்திக் கூட்டி வந்தாள். நான் ஓரமாக ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டேன்.